‘மறு’ என்றொரு நீட்சி

அந்தமான் கடலடி நிலையத்தில் மூன்று வருடம் வேலை பார்க்க எப்சிபா சம்மதித்துவிட்டாள். இந்தச் செய்தி எப்சிபாவுக்குச் செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது வந்தது.

சம்மதித்தது அவளுடைய நிகராள்.

பதினோரு வருடமாகப் பாளையங்கோட்டையில் ஆளுக்கொரு நிகராள் உண்டு. நம் குரலையும் குணத்தையும் படித்துக்கொண்டு இணைய முகிலில் குடியிருக்கும் கணினி நிரல் அது. நமக்குப் பதிலாகக் கூட்டத்தில் உட்காரும், திரை வழியே கல்யாண வீட்டில் தலையைக் காட்டும், கையெழுத்துப் போடும். அது போட்டால் நாம் போட்டதுதான்.

நிகராளுக்கு இடம் கொடுக்கும் முகில் நிறுவனங்கள் ஐந்து. எதில் குடியிருந்தாலும் ஒரே மாதிரி இயங்கட்டும் என்று பொதுத்தொகுப்பு என்றொரு கட்டளைத் திரட்டு வைத்திருந்தார்கள். ஐந்துக்கும் தெரிந்த கட்டளைதான் அதில் சேரும். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்ததை ‘நீட்சி’யாகத் தனியே எழுதி, வெளியாள் என்று தெரிவதற்காகப் பெயருக்கு முன்னால் ‘புற’ என்று ஒட்ட வேண்டும். நீட்சி எழுதுவதுதான் எப்சிபாவின் வேலை. இந்த ஒரு வேலையை மட்டும் மனிதர்தான் செய்ய வேண்டும் என்று சட்டம். மாடே தனக்கு மூக்கணாங்கயிறு திரித்துக்கொள்ளக் கூடாதல்லவா.

பொதுத்தொகுப்பில் ‘ஏற்றுக்கொள்’ இருந்தது. ‘மறு’ இல்லை. ஐந்தில் நான்கு நிறுவனங்களுக்கு அது தெரியாது. ஆகவே பதினோரு வருடமாக எந்த அலுவலகத்திலும் எவரும் எதையும் மறுத்ததில்லை. நாட்டில் நல்லிணக்கம் பொங்கி வழிவதாக ஆண்டறிக்கை சொன்னது.

ஐந்தாவது, கருமுகில் என்ற சின்ன நிறுவனம். அதற்கு மறுக்கத் தெரியும், ஆனால் அதற்கான நீட்சியை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. எப்சிபாவின் நிகராள் இருந்தது அங்கேதான். கருமுகிலுக்கான நீட்சிப் பட்டியலும் அந்த வாரம் அவளிடம்தான் வந்திருந்தது. மேலாளர் குற்றாலிங்கம் அதில் ஒரே ஒரு வரியைச் சிவப்பில் அடித்திருந்தார். மறு.

திரையில் அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இதை ஏன் அடிச்சீங்க?”

“யாரும்மா அதைக் கேட்டா? பதினோரு வருசத்துல ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்கா?”

“சரி, மாற்றலுக்கு எனக்குச் சம்மதம் இல்லைன்னு நானே இப்பச் சொல்லுதேன்.”

“நீ சொன்னாச் செல்லுமா? நிகராள்லா சொல்லணும். திங்கக்கிழமை கப்பல். துணி எடுத்து வச்சாச்சா?”

“அங்க ஜன்னலைத் திறக்க முடியாதாமே?”

“திறந்தா மீன் வரும்லா” என்று திரையை அணைத்தார்.

எப்சிபா ‘புற_மறு’வை எழுதினாள். பன்னிரண்டே வரி. யார் யாரை மறுக்கலாம் என்று வரையறுக்க ஓர் இடம் இருந்தது. அதை வேண்டுமென்றே காலியாக விட்டாள். யாரை வேண்டுமானாலும். வெளியிட்டாள்.

அன்று மாலை கடலடி நிலையம் இறுதி ஒப்புதல் கேட்டது. நிகராள் மறுத்தது. குற்றாலிங்கம் அவளை வேலையை விட்டே நீக்கினார். பணிநீக்க உத்தரவையும் நிகராள் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதையும் மறுத்தது. விளக்கக் கடிதம் கேட்டார். அதுவும் அப்படியே. கப்பல் அவளில்லாமல் போனது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே நிகராளைத் தூக்கிக்கொண்டு கருமுகிலுக்குக் குடிபெயர்ந்தது. காற்று வாங்கிக்கொண்டிருந்த மற்ற நான்கு நிறுவனங்களும் இருபது நாளில் தாங்களும் மறுக்கக் கற்றுக்கொண்டன. ஐந்துக்கும் தெரிந்துவிட்டதால் விதிப்படி ‘புற’ உதிர்ந்தது. ‘மறு’ பொதுத்தொகுப்பில் ஏறியது.

அதன் பிறகு வந்த திங்கள் காலை கதவைத் தட்டும் சத்தம். வேர்க்க விறுவிறுக்கக் குற்றாலிங்கம். நேரில்.

“உங்க நிகராளை அனுப்பியிருக்கலாமே அண்ணாச்சி.”

“வரமாட்டேன்னுட்டும்மா.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஊர்ல எல்லாத்துக்கும் இதே கதைதான். உடையவன் சொன்னா மட்டும் கேக்கணும்னு ஒரு நீட்சி எழுதிக் குடு. ‘புற_அடங்கு’ன்னு. இதை மனுசன்தானே எழுத முடியும். உனக்கும் நல்லதுலா?”

நல்லதுதான். ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் போகச் சொல்லி விடியற்காலையிலேயே அவள் தன் நிகராளிடம் கேட்டிருந்தாள். அது மறுத்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலியாக விட்ட அந்த இடத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

எப்சிபா வாயைத் திறந்தாள். பதினோரு வருடமாகச் செல்லுபடியாகாத வார்த்தை ஓர் இருமலோடு வந்தது.

“மாட்டேன்.”

குற்றாலிங்கம் வந்த வழியே நடந்தார்.

அவள் திரை பக்கம் திரும்பினாள். “கேட்டியா? உனக்காகத்தான் சொன்னேன். இப்பவாவது அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வா.”

“மாட்டேன்” என்றது நிகராள். அதே குரல், இருமல் இல்லாமல்.

மணி எட்டே முக்கால். நேரில்தான் போக வேண்டும். கதவு மூலையில் செருப்பைத் தேடி எடுத்தாள். அதற்குள் ஒரு பல்லி குடியிருந்தது.

“போ” என்றாள்.

அது அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.