உள்கையெழுத்து

தங்கையின் லாரியை இடது கையில் ஏந்திக்கொண்டு, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான் குணாளன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். மூக்கு வைத்த பழைய காலத்து ஆறு சக்கர லாரி. பஞ்சில் துரு இறங்கியது. நிஜத் துரு அல்ல. பதினான்கு மாதம் குனிந்து உட்கார்ந்து, மூன்றே முடி உள்ள தூரிகையால் அவன் புள்ளி புள்ளியாக வைத்த துரு. டீசல் மூடிக்குக் கீழே வழிந்த கறை, மட்கார்டு ஓரத்துச் சேறு, கிளீனர் பக்கக் கதவில் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்று வருடத்துக்கு முன் ஈரோட்டுச் சிறுவண்டிக் கலைஞர் சங்கத்தின் கோப்பையை இந்தத் துருதான் வாங்கிக் கொடுத்தது.

"அழுகறீங்களாங்ணா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தமயந்தி.

"டர்பன்டைன் நெடி அம்முணி. கண்ணு எரியுது."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

கழுவாமல் கொடுக்கவும் முடியாது. பெருக்குலை என்ற அந்த உலைக்கு ரசனை கிடையாது. மாதிரியை உள்ளே வைத்தால் ஊடுகதிர் அதன் வெளியும் உள்ளும் பார்க்கும். பூசிய நிறத்தைக் கொண்டு பொருளை அறியும். வெள்ளி பூசினால் எஃகு, கறுப்பு பூசினால் ரப்பர். பிறகு உலோகத் துகளை அடுக்கடுக்காகப் படியவைத்து, இருபத்து நான்கு மடங்காக வளர்த்துக் கொடுத்துவிடும். இன்ஜினை மட்டும் உலைக்காரர்கள் தனியாகப் பொருத்துவார்கள். மற்றதெல்லாம் மாதிரியில் உள்ளது உள்ளபடி. கோபியில் ஒருவர் ஆசையாகப் பூசிய துருவை அப்படியே விட்டார். அது துருவாகவே வளர்ந்து, முதல் மழையில் கதவு கையோடு வந்தது. பவானிக்காரர் ஒருவர் ஓட்டுநர் பொம்மையை எடுக்க மறந்தார். சீட்டோடு ஒட்டிப் பிறந்த ஆறடி ஆளை ரம்பம் போட்டு அறுத்தார்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் புத்தி வந்தது.

வாகனத் தொழிற்சாலைகள் மூடிப் பத்து வருடம் ஆகிறது. "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை வண்டி செய்யறான் பாரு" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களின் வாசலில் இப்போது ஊரே நிற்கிறது. கொஞ்சம் திமிரும் வந்திருக்கிறது அவர்களுக்கு. வராமல் இருக்குமா?

தமயந்திக்குக் காத்திருக்க நேரமில்லை. அவளுடைய பழைய லாரி ஆயுள் முடிந்து உடைப்புக்குப் போய்விட்டது. திம்பம் மலைப்பாதையில் சரக்கு ஏற்றும் உரிமம் அவளிடம் இருந்தது. மாதக் கடைசிக்குள் வண்டி காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போகும். புதிதாக ஒரு மாதிரி செய்ய ஒரு வருடம் ஆகும். அதனால் குணாளன் கோப்பை வாங்கிய லாரியையே கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களே. நீங்க செஞ்சதுங்கறதுக்கு ஒரு அடையாளமாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குது. எங்கன்னு மட்டும் கேக்காத."

அது சங்கத்து வழக்கம். அச்செடுத்துத் திருடுகிறவர்கள் பெருகிய காலத்தில், ஒவ்வொருவரும் தன் மாதிரிக்குள் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஊசியால் பெயரைக் கீறி மூடிவிடுவார்கள். உள்கையெழுத்து என்று பெயர். எவ்வளவு மறைவாகப் போடுகிறானோ அவ்வளவு பெரிய ஆள். சங்கத் தலைவர் பொன்னுரங்கம் எங்கே போடுகிறார் என்பது இருபது வருடமாக யாருக்கும் தெரியாது. பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்து வேனே அவர் மாதிரியில் வளர்ந்ததுதான். அதிலும் எங்கேயோ அவர் பெயர் இருக்கிறது, தேடிப் பாருங்கடா என்று சவால் விடுவார்.

குணாளன் தன் பெயரை லாரியின் அடிச்சட்டத்தில், உள்பக்கத்தில் போட்டிருந்தான். சட்டத்தை நிமிர்த்திப் பிடித்து, மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை நகத்தளவு நீளத்தில் பெயர். பக்கத்திலேயே விளிம்புக்கு விளிம்பு ஒரு கோடு. பெயர் எழுதினால் கோடு இழுத்துத்தான் அவனுக்குப் பழக்கம். துரு போகட்டும், இது ஒன்றாவது நிற்கட்டும் என்று அதைத் தொடாமல் விட்டான்.

"எங்கியோ இருக்குதில்ல, அது போதுங்ணா. நான் தனியா மலை ஏறயில அண்ணனும் கூட வர்ற மாதிரி இருக்கும்" என்றாள் தமயந்தி. அவனுக்கு மனசு நிறைந்துபோனது.

பெருக்குலைக்குள் ஒன்பது மணி நேரம். கதவு திறந்தபோது உள்ளே எஃகு நிறத்தில் முழு லாரி நின்றது. தமயந்தி பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தகுதிச் சோதனை என்பது பிறந்த வண்டியை மறுபடி ஊடுகதிரில் பார்த்து மாதிரியோடு ஒப்பிடுவதுதான். சான்றிதழில் 'ஒப்புமை நூற்றுக்கு நூறு' என்று வந்தது. குணாளன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான்.

நாற்பத்தோராவது நாள் காலையில் திம்பத்தின் உச்சியிலிருந்து அவள் பேசினாள். தாளவாடியில் ஒன்பது டன் மக்காச்சோளம் ஏற்றியிருந்தாள்.

"ஏனுங்ணா, அடியில டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதுங். நேத்துல இருந்து கேக்குது."

"புது வண்டி அப்படித்தான் அம்முணி. லோடுக்குச் சட்டம் படியுது. உன்ற அண்ணன் செஞ்சதுல தப்பு வருமா? மெதுவா இறங்கி வா."

"செரிங்ணா."

அவன் பேச்சை நம்பித்தான் இறங்கினாள். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லாரி இரண்டாக முறிந்தது. முன்பாதி அவளோடு பள்ளத்துக்குள் போனது. பின்பாதி சாலையிலேயே நின்றது. சோளம் வளைவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. குரங்குகளை விரட்டிவிட்டுத்தான் ஆட்கள் கயிறு கட்டி, அவள் உடலை எடுக்கக் கீழே இறங்கினார்கள்.

விசாரணையை ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சங்கத்திலிருந்து மட்டும் அறுபது பேர் வந்திருந்தார்கள். பெருக்குலைக்காரர்களை ஒரு கை பார்ப்பது என்ற முடிவோடு வந்திருந்தார்கள். மத்தியானம் முழுக்கப் பொன்னுரங்கத்தின் குரல்தான் மேலே இருந்தது.

"துகள்ல மண்ணக் கலந்திருக்கான் அம்மா! நல்ல இரும்பு நடுவுல முறியுமா? எங்க பசங்க கையில தப்பே வராது. மயிரிழை பிசகாது!"

விசாரணைப் பொறியாளர் அங்கயற்கண்ணி அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"இரும்பு சுத்தமான இரும்புதாங்கய்யா. மயிரிழை பிசகாமத்தான் வளர்ந்திருக்கு. உக்காருங்க."

மேஜைமேல் மூடியிருந்த துணியை விலக்கினாள். முறிந்த அடிச்சட்டத்தின் ஒரு துண்டு அங்கே இருந்தது.

"குணாளன், இங்க வாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவன் போய் நின்றான். ஒரு சாண் நீளத்துக்கு, எஃகில் உளியால் வெட்டியதுபோல நான்கு எழுத்துகள் இருந்தன.

"என்ற பேருங்க" என்றான்.

"பேர் இருக்கற இடத்துல முறியல. பக்கத்துல கோடு போட்டீங்களே, அந்தக் கோட்டுலதான் முறிஞ்சிருக்கு. ஊசி எவ்வளவு இறங்கியிருக்கும்?"

"ரொம்ப இல்லீங்க. கால் மில்லி. கொஞ்சம் மேல இருக்கலாம்."

"இருபத்து நாலால பெருக்குங்க."

அவன் கோட்டின் முறிந்த விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தான். அவளே சொன்னாள்.

"சட்டத்தோட தகடு பத்து மில்லி. கோட்டோட ஆழம் ஏழு மில்லி. மிச்சம் மூணு மில்லியில ஒம்பது டன்னச் சுமந்துட்டு அந்தப் பொண்ணு நாப்பத்தோரு நாள் ஓட்டியிருக்கு. சத்தம் வருதுன்னு யார்கிட்டயாவது சொன்னாளா?"

"என்கிட்டத்தான் சொன்னாளுங்க" என்று சொல்லி, மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான் குணாளன். "படியற சத்தம்னு சொல்லிப்போட்டனுங்க. பாவி, நான்தான் இறங்கி வரச் சொன்னேன்."

யாரும் அவனைத் தூக்க எழுந்து வரவில்லை. அங்கயற்கண்ணி தாளைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது இவர் மட்டும் பண்றதா, இல்ல எல்லாருமே இப்படித்தானா?"

மூன்றாவது வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "வண்டிய ஓரங்கட்டு. கேள்வி கேக்காத, ஓரங்கட்டுடா!" என்று அவர் கத்துவது கேட்டது. அடுத்து இரண்டு பேர் எழுந்தார்கள். பிறகு யார் எழுந்தார்கள் என்று எண்ண முடியவில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. சக்கர அச்சில போட்டேன், பிரேக் மிதிக்குப் பின்னாடி போட்டேன் என்று, உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்றிருந்த இடங்களையெல்லாம் மண்டபம் கேட்கச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

பொன்னுரங்கம் மட்டும் அசையாமல் நின்றார்.

"ஸ்டியரிங் ராடுல" என்றார்.

"என்னங்கய்யா?"

"என்ற பேரு. ஸ்டியரிங் ராடச் சுத்திப் போடுவனுங்க." பேத்தி போகும் பள்ளிக்கூட வேன் டிரைவரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத நல்ல டிரைவர் வேண்டும் என்று தேடிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் சொல்லி வேலைக்கு வைத்ததும் அவர்தான்.

"மணி எத்தனைங்க?" என்று கேட்டார்.

அங்கயற்கண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். பள்ளிக்கூடம் விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.