எத்தனை இடத்தில் உட்கார்ந்தீர்கள்?

1985ஆம் ஆண்டு. மலேசியாவில் ரவாங்குக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளி. ஆறாம் வகுப்பில் மொத்தம் பதினான்கு பேர். பரீட்சை முடிந்ததும், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஓடைக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்றார் ஆசிரியர் தேவதாஸ். அரிசி, போர்வை, தட்டு எல்லாவற்றையும் அவரவர் முதுகில்தான் சுமக்க வேண்டும்.

ஓடைக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, மலையேறி இறங்குவது. மற்றது, மலையைச் சுற்றிப் போகும் செம்மண் சாலை. எந்த வழி என்பதை வெள்ளிக்கிழமை கை தூக்கி முடிவு செய்ய வேண்டும்.

அமராவதிக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவளுடைய தோழி லீலாவதிக்கு இழுப்பு உண்டு. வேகமாக ஓடினால் மூச்சு விசில் அடிக்கும். சுலபமான வழி என்றால்தான் அனுப்புவேன் என்று லீலாவின் அம்மா இராஜம்மா சொல்லிவிட்டார். லீலா இல்லாத கூடாரத்தை அமராவதியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சாலைதான் சுலபம் என்றது பாதி வகுப்பு.

"மலையா? கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்லா" என்றான் சேது. அவன் அந்த மலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

அமராவதி பெரியவர்களைக் கேட்கப் போனாள். லோரி ஓட்டும் இருசப்பன், சாலை ரொம்பச் சுலபம், பதினைந்து நிமிடம்தான் என்றார். லோரியில் போனால் பதினைந்து நிமிடம் என்பதைச் சொல்லவில்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சோமுவோ, மலையேறினால் உயிரே போய்விடும் என்றார். எப்போது ஏறினீர்கள் என்று அமராவதி கேட்டாள். ஏறியதில்லையாம். கீழே இருந்து பார்த்தாலே தெரியுமாம்.

ஆளுக்கொரு பேச்சு. அமராவதிக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மாலை தாயம்மா குழாயடியில் விறகுக்கட்டை இறக்கி வைத்தார். வாரம் இருமுறை மலை தாண்டி விறகு கொண்டுவருபவர் அவர். மலையெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று அவர் அலட்சியமாகச் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அமராவதி அதைப் பார்த்தாள். கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

"அக்கா, வழியில எத்தன இடத்துல உட்கார்ந்தீங்க?"

தாயம்மா விரல்களை மடக்கினார். "பலா மரத்தடியில ஒருதரம். தட்டப் பாறையில ஒருதரம். உச்சியில நல்லா காத்து வரும், அங்க ஒருதரம். மூணு."

"சாலையில போனா?"

"அங்க எங்க உட்கார்றது? பழைய மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனைக் கன்னு நட்டிருக்காங்க. ஆறு மைலுக்கும் நிழல் கிடையாது."

அமராவதி இராஜம்மாவின் வீட்டுக்கு ஓடினாள். மலைதான் சுலபம் என்றதை இராஜம்மா லேசில் நம்பவில்லை. கடைசியில், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டு வேலை முடிந்ததும், வியாழக்கிழமை லீலாவை மலையேற்றிப் பார்க்கத் தானும் கூட வருவதாகச் சொன்னார்.

லீலா பையில் இரண்டு கிலோ அரிசியும் ஒரு போர்வையும் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். மூன்று இடத்திலும் மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்தார்கள். விசில் சத்தமே இல்லை. உச்சியில் லீலா முறுக்கு கேட்டாள்.

"இதுக்குப் பேரு கஷ்டமா? தினம் நான் ஏறி மரம் வெட்டுற மேடு இதவிடச் செங்குத்து" என்றார் இராஜம்மா. அமராவதிக்கு அப்போதுதான் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் கண்டதைச் சொன்னாள். மலையில் உட்கார நிழலான மூன்று இடங்கள் இருக்கின்றன, சாலையில் ஒன்றுகூட இல்லை. பதினொரு கைகள் மலைக்கு உயர்ந்தன.

புறப்பட்ட நாளில், சேது பலா மரத்தடியில் உட்காரவில்லை. பையோடு முன்னால் ஓடினான். தட்டைப் பாறைக்கு மற்றவர்கள் வந்தபோது, அவன் பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து கிடந்தான். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. லீலா தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேதுவைச் சூழ்ந்துகொண்டு மலை எப்படி என்று கேட்டார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்லா" என்றான்.

அமராவதியோடு அந்த வழியாக வந்த லீலா நின்றாள். "சேது, எத்தன இடத்துல உட்கார்ந்த?"

சேது அவளைப் பார்த்தான். அமராவதியைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"ஏழு."