ஆள் இருந்த சங்கு

கடற்கரையை ஒட்டிய அந்தத் தகரக் கூரை வீட்டில் பெட்டிகளை இறக்கிவைத்த கையோடு கணவன் சங்கு பொறுக்கக் கிளம்பிவிட்டான். மனைவி கிளிஞ்சல் பதித்த கண்ணாடிச் சட்டங்கள் செய்து விற்பவள். அதனால் வீட்டிலும் அவள் அவனுக்கு 'முதலாளி'தான். அவனுக்கு வாய் மட்டும் ஊருக்கு மேல். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தாலே கரைக்கு ஓடிவிடுவான், நீச்சல் சுத்தமாக வராது.

மதியம் பை நிறையச் சங்குகளோடு வந்தான்.

"எல்லாத்தையும் கவுத்து வச்சுப் பாத்தீங்களா?"

பொறுக்கிய சங்கை ஈர மணலில் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நகர்ந்தால் உள்ளே ஏதோ உயிர் குடியிருக்கிறது. அதைத் தொடக்கூடாது. இருவரும் அப்படித்தான் தொழில் செய்து வந்தார்கள்.

"இந்தப் பெரிசை மட்டும் பாக்கல, முதலாளி. வெயில் மண்டையப் பொளக்குது. ஆட்டிப் பாத்தேன், காலிதான்."

இரண்டு கை அகலச் சங்கு. அவளுக்கும் ஆசை. வாங்கி, சுத்தம் செய்யக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

மீன் வாடை வரவில்லை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் அடிக்கும் வியர்வை வாடை வந்தது.

பாத்திரத்துக்குள் ஏதோ சுரண்டியது.

பிறகு நின்றுவிட்டது.

கணவன் இடுக்கியால் சங்கை எடுத்துக் கவிழ்த்தான். வெறும் வெந்நீர். ஆறியதும் காதில் வைத்துச் சிரித்தான். "யாரோ என்னைத் திட்டுறாங்க, முதலா..."

சொல் பாதியில் நின்றது.

சங்கைக் கீழே வைத்தான். திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து படுக்கையறைக்குள் போனான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் முதுகைக் கொடுத்துத் தோள் உரச உரச உள்ளே நுழைந்து அடங்கினான்.

"என்னங்க விளையாட்டு இது? வெளிய வாங்க."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

"என் வீட்டைக் கொதிக்க வச்ச," என்றது அவன் வாய். "இந்த வீடு பரவாயில்லை."

அவள் வெடுக்கென்று கையை விட்டாள். இது அவன் இல்லை. இதன் வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவனை விட்டுவிடும். வேறெதுவும் தோன்றவில்லை.

சங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அது அதிர்ந்தது. உள்ளேயிருந்து மெலிசாக ஒரு சத்தம். அந்தச் சனியன்தான் கத்துகிறது என்று சங்கின் வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலம் கொண்ட மட்டும் வீசினாள்.

திரும்பி வந்தபோது அவன் உடம்பு அதே சந்தில் இருந்தது.

"உன் வீட்டைக் கடல்லயே போட்டுட்டேன். நீயும் போ. என் புருஷனை விட்டுடு!"

அது முதல் முறையாகச் சிரித்தது.

"அவனுக்கு நீச்சல் தெரியாதே."

அவள் அலறிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கண்ணில் பட்ட சங்கையெல்லாம் எடுத்துக் காதில் வைத்தாள். "ஏங்க... ஏங்க..." எல்லாவற்றிலும் அலைச்சத்தம்தான். தேம்பித் தேம்பி அழுதாள்.

பின்னால் ஈர மணலில் காலடிகள் நெருங்கின. அவள் திரும்பிப் பார்த்தாள். அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது கணவனின் முதுகு.

"வீட்டுக்கு வா," என்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு அச்சு அசலாக அவன் குரலில் சொன்னது.

"முதலாளி."