வெட்டாத கோல்

வேகமான பக்கேஜுக்கு மாறிய நாளிலிருந்து லவீனா வீட்டு இன்டர்நெட் முன்னைவிட மெதுவாகத்தான் ஓடியது. பிரான்சில் சமையலறை வேலை செய்யும் புருஷன் ஜெறோம் திரையில் வருவான். வந்த வேகத்தில் வாய் ஒரு பக்கம் இழுபட்டபடி நின்றுவிடுவான். பத்து மாதப் பிள்ளை ஷெரோன் அந்த முகத்தை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்ப்பான். பிள்ளை பிறக்க முன்னமே போன மனிதன் ஜெறோம். அவன் திரும்பி வரும் நாளில் பிள்ளை அவனை அடையாளம் காணவேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாலையிலேயே குருநகரை மழை இருட்டு மூடியிருந்தது. மாமி, ஜெறோமின் அம்மா, செபமாலைக்குக் கோயிலுக்குப் போய்விட்டார். பிள்ளை அறைக்குள் ஏணைத் தொட்டிலில் நித்திரை. ரூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டாள். ரீவியைக் கழற்றினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். நனைந்த வலையின் வாடையும் பக்கத்து வளவுக் கருவாட்டு மணமும் ஜன்னலால் வர, கூரைத் தண்ணீர் வாளிக்குள் சொட்ட, கூடத்து மூலையில் ரூட்டரின் சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும் ஓய்வில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. பிறகு எதற்கு இந்தத் துடிப்பு? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்டர்நெட் லைன் பூட்டித் தந்த றஜிந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, லைன் திறமாய் இருக்கு. உள்ளுக்கை ஆரோ பாவிக்கினம்."

"இஞ்சை நானும் பிள்ளையும்தான் தம்பி. மூண்டு தரம் சொல்லிப்போட்டன்."

"ரெண்டு போன் காட்டுது. ரெண்டும் 'லவீனா' எண்டுதான் கிடக்கு. ஒண்டிலை நிண்டு வீடியோ கோல் போகுது. பக்கேஜ் மாத்தின நாளிலையிருந்து வெட்டவே இல்லை."

அவளிடம் இருந்தது ஒரே ஒரு போன். அது காதில் இருந்தது.

வெட்டாத கோல் என்றதும் மாமி நினைவுக்கு வந்தார். கடலுக்குப் போகிறவர்களின் வீடு இது. தூரத்தில் நிற்கிறவனின் பேச்சைப் பெண் முதலில் முறிக்கக்கூடாது என்பது மாமியின் கட்டளை. கதைத்து முடிந்தாலும் லவீனா சிவப்புப் பட்டனைத் தொடமாட்டாள். போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். லைன் தானாக அறுந்தால்தான் உண்டு. ஆனால் அவை எல்லாம் அறுந்த கோல்கள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

"ஒண்டை நான் இஞ்சை இருந்து வெட்டிவிடவோ அக்கா?"

மாமியின் முகம் ஒருகணம் வந்து போனது. வந்த எரிச்சலில் அதையும் தள்ளிவிட்டாள்.

"ஓம். வெட்டுங்கோ."

காதுக்குள் ஒரு சின்னச் சத்தம். றஜிந்தனின் குரல் நின்றது. திரையைப் பார்த்தாள். வைஃபை இல்லை, சிக்னல் இல்லை. வெட்டுப்பட்டது அவளுடையது.

மூலையில் பச்சை வெளிச்சம் இப்போது துடிக்கவில்லை. நிதானமாக எரிந்தது.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து ஜெறோமின் குரல் கேட்டது. இழுபடவில்லை, உடையவில்லை. பக்கத்தில் நின்று கதைப்பதுபோல இருந்தது.

"இப்பத்தான் நல்ல கிளியராய் இருக்கு லவீனா. பிள்ளையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா."

பிள்ளை சிரித்தான். ஏணைக் கயிறு கூரை வளையில் உரசும் சத்தம் இல்லை.

"ஜெறோம்," என்றாள். திரும்பவும் கூப்பிட்டாள். பலமாக. அவன் கதைத்துக்கொண்டே இருந்தான்.

அறை வாசலுக்குப் போனாள். கதவுச் சீலையை விலக்கினாள்.

கட்டிலில் ஒரு பெண். முதுகு மட்டும். லவீனாவின் நீல நைற்றி. அவளுடைய கொண்டை. கையில் போன். மடியில் பிள்ளை.

"அப்பா," என்றான் ஷெரோன். முதல் தடவை. தெளிவாக.

திரையில் ஜெறோம் அழுதுகொண்டே சிரித்தான்.

"ஷெரோன்," என்றாள் லவீனா.

பிள்ளை அந்தத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவளையே பார்த்தான். கண்கள் விரிந்தன. உதடு பிதுங்கியது. முன்பின் தெரியாத முகத்தைக் கண்ட பிள்ளையாக வீரிட்டு அழுது, நீல நைற்றிக்குள் முகத்தைப் புதைத்தான்.

அந்தப் பெண் திரும்பவில்லை. லவீனாவின் மோதிரம் போட்ட கை, பிள்ளையின் முதுகை மெல்லத் தட்டியது.