குளிராத தண்ணீர்

தடுப்புச் சுவரிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. வண்டியைப் பாலத்தோரம் நிறுத்தி, பாட்டில்கள் அடுக்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் ஊறிய இலைகளின் வாடையும் சுரங்கத்துப் பக்கமிருந்து எப்போதும் வரும் துருவின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, சரிவில் காலை ஊன்றி ஊன்றி இறங்கிக் கரையில் நின்று இளைப்பாறியபோதுதான், தன் மூச்சைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை என்று உறைத்தது. ஓடையின் குறுக்கே கட்டிய சிறு சுவர் அது. நடுவே முக்கோணமாக வெட்டிய வாய். அதன் வழியே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளப்பதும், தண்ணீரைப் பிடித்துச் சோதிப்பதும் அவள் வேலை. மற்ற நாட்களில் அந்த இரைச்சலில் பையிலிருக்கும் போன் அடித்தாலும் கேட்காது. இன்று தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழுக்கி இறங்கி, ஒரு பொட்டு நுரைகூடக் கிளப்பாமல் போய்க்கொண்டிருந்தது.

காது அடைத்திருக்கும் என்று நினைத்தாள். அப்போது மரக்கிளை ஒன்று எங்கோ முறிந்தது. அது தெளிவாகக் கேட்டது.

குனிந்து பாட்டிலை முக்கினாள். கையுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். உள்ளே தண்ணீர் புகுந்தது. மழைக்காலத்தில் இந்த ஓடை எலும்பைக் கடிக்கும். இன்று ஒன்றுமே தெரியவில்லை. சூடில்லை, குளிரில்லை, ஈரம்கூட இல்லை. தண்ணீரில் விட்ட மீட்டரோ பனிக்கட்டி அளவுக்குக் குளிர் காட்டியது.

மற்ற எண்கள் எல்லாம் அருமை. அமிலம் இல்லை, உலோகம் இல்லை, கலங்கல் இல்லை. சுரங்கம் ஓடிய காலமெல்லாம் செம்மண் குழம்பாக வந்த ஓடை, அதை மூடிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்திருந்தது. குடிக்கலாம், ஊர்க் குழாய்களில் விடலாம் என்று போன வாரம் அவளே சொல்லியிருந்தாள். சொன்னபோது சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கொஞ்ச நாளாக அவளுக்கு எதுவுமே அப்படி வருவதில்லை.

அடுத்த பாட்டில் மேலே, சுரங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் வெளியே வரும் இடத்தில். அங்கே சுரங்கக் காவலாளி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டிருந்தார்.

"வா தங்கச்சி."

"என்னண்ணே, இந்தக் குளிர்ல தண்ணிக்குள்ள கால விட்டுட்டு?"

"முட்டி வலி. அது என் மாமியார் மாதிரி, வந்தா கிளம்பாது. இதுல வெச்சேன், போயே போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "எப்பலேர்ந்து உக்காந்திருக்கீங்க?"

அவர் யோசித்தார். "வெளிச்சமா இருந்துச்சு."

"இப்பவும் வெளிச்சமாத்தானே இருக்கு?"

"ஆமா. நடுவுல இருட்டிச்சு."

அவர் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"எந்திரிங்கண்ணே. வீட்ல தேடுவாங்க." அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். நினைத்ததைவிட லேசாக வந்தார்.

முழங்காலுக்குக் கீழே, தண்ணீர் தொட்ட இடத்தோடு, கால்கள் முடிந்திருந்தன. ரத்தம் இல்லை. புண் இல்லை. பல நாள் தேய்த்த சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இரண்டு முனைகள்.

காவலாளியும் குனிந்து பார்த்தார். "சுகமா இருக்கு தங்கச்சி," என்றார்.

அவள் அவரைப் புல்மேட்டுக்கு இழுத்துப் போட்டாள். அலற வேண்டும் என்று தெரிந்தது. பயத்துக்காகக் காத்திருந்தாள். அது வந்தது, ஆனால் அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போல, எங்கோ தள்ளி.

குடிநீர்த் திட்ட மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், ஆம்புலன்ஸ் அனுப்புங்க. காவலாளி அண்ணனுக்குக் கால்... தண்ணியில ஏதோ இருக்கு சார். லைனைத் திறந்துடாதீங்க."

"காலையிலயே திறந்தாச்சேம்மா. உங்க தெருவுக்குத்தான் முதல்ல. ஒரு புகார் இல்ல."

"மூடச் சொல்லுங்க."

"நீங்கதானே நல்லாருக்குன்னு சொன்னீங்க?" அவர் குரலில் கோபமே இல்லை. "நான்கூட இப்பத்தான் முகம் கழுவினேன். அப்படி ஒரு நிம்மதி."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வைக்கவும் இல்லை.

கணவனுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

பாலத்துக்கு ஏறித் திரும்பிப் பார்த்தாள். காவலாளி கைகளை ஊன்றி, அவசரமே இல்லாமல், தண்ணீரை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தார்.

வண்டியைக் கிளப்பும் முன் கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலில் நகம் இல்லை. நகம் இருந்த அடையாளமும் இல்லை. வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெருவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த நேரத்துக்கு அங்கே குழாயடிச் சண்டை நடக்கும், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், யாராவது யாரையாவது திட்டுவார்கள். இன்று வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வாளிகள். வாளிக்குள் கைகள். யாரும் நிமிரவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கணவனின் தையல் மிஷினில் பாதி தைத்த சட்டை. ஊசி துணிக்குள்ளேயே நின்றது.

"என்னங்க."

உள்ளே போனாள்.

குளியலறையில் விளக்கு எரிந்தது. அவர்களுடைய வாண்டுக்குத் தலைக்கு ஊற்றும் நாள் என்றால் ஊரே கூடிவிடும், அப்படி அழுவாள். நான்கு வயதுக்கு அவ்வளவு தொண்டை. இன்று ஒரு சத்தமும் இல்லை.

குழாய் முழுதாகத் திறந்திருந்தது. தண்ணீர் தொட்டியில் விழுந்தது. சத்தமில்லை. தரையெல்லாம் வழிந்தது. சத்தமில்லை.

அவன் தொட்டியோரம் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துட்டியா? தலைக்கு ஊத்தினேன். அழவே இல்ல பாரு."

பார்த்தாள்.

வாண்டு அடியில் கிடந்தாள். முழுதாக, தண்ணீருக்குள். கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. சிரித்தது. குமிழி வரவில்லை. ஒன்றுகூட.

"எவ்ளோ நேரமாங்க?"

"தெரியல. நல்லா வெளையாடுறா."

தூக்க வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. தூக்க வேண்டும். கைகளை உள்ளே விட்டாள். குளிரவில்லை. துழாவினாள். எது பிள்ளை, எது தண்ணீர் என்று கைகளுக்குத் தெரியவில்லை. இறுக்கிப் பிடித்தாள். பிடித்தாளா? இழுத்தாள்.

"மெதுவா," என்றான் அவன்.

கைகள் மேலே வந்தன. அவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. வெறும் கைகள்.

கீழே வாண்டின் வாய் அசைந்தது. அம்மா என்றுதான் சொல்லியிருப்பாள். மேலே தண்ணீர் ஆடவில்லை.