அப்பாவுக்குக் கேட்கும் சைலன்சர்

“இருக்கிறதிலேயே அமைதியான சைலன்சர் இதுதான். பூனை நடக்கிற மாதிரி இருக்கும்.”

“அமைதியானது வேணாம் மாமா.”

“சைலன்சர் வாங்க வந்துட்டு அமைதி வேணாமா? ஓட்டைச் சட்டியா பார்த்துக் குடுன்னு கேக்கிற மாதிரி இருக்கே!”

கடைக்காரர் சிரித்தார். வாலு சிரிக்கவில்லை. அவள் கையில் அப்பா செய்த பொம்மை விமானத்தின் எஞ்சின் இருந்தது, எலுமிச்சம்பழ அளவில். அப்பா பக்கத்தில் நின்று அலமாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசியது எதுவும் அவர் காதில் விழவில்லை.

தகடு அடிக்கும் பட்டறை அப்பாவின் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும், கனத்த சத்தங்கள் கடைசியில் போகும் என்று டாக்டர் சொன்னார். முதலில் போனது வாலுவின் குரல்தான். இப்போது அவள் வாயசைவைப் பார்த்துத்தான் அப்பா பதில் சொல்வார்.

அவருக்கு இன்னும் கேட்டது விமானத்தின் அலறல் ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் முறையிட்டதால், சைலன்சர் இல்லாத விமானத்தை மைதானத்துக்குள் விடமாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டார்.

வாலு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கடைக்காரர் பூனைச் சைலன்சரை ஓரமாக வைத்தார். “பின்னால வாங்க. ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்துடுவோம்.”

கடையின் பின்கட்டில் எஞ்சினை மேசையில் முடுக்கினார்கள். அப்பாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள் வாலு. “கேட்டா கையைத் தூக்கு. நின்னா இறக்கு. சரியாப்பா?”

முதல் சைலன்சர். எஞ்சின் சீறியது. அப்பாவின் கை உயர்ந்தது!

வாலு துள்ளிக் குதித்தாள். கடைக்காரர் எஞ்சினை அணைத்தார்.

கை இறங்கவில்லை.

எஞ்சின் புகை அப்பாவின் முதுகைச் சுற்றி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

“வாசனை பிடிச்சுத்தானே தூக்கினே?”

அப்பா திருட்டு முழி முழித்தார். “நீ ஆசை ஆசையா கூட்டிட்டு வந்தியா… அதான்.”

“இது பரீட்சை இல்லப்பா. நீ பாஸாக வேணாம்.”

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை நனைத்துப் பார்த்தாள். நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். இனிப் புகை அப்பாவிடம் போகாது.

இரண்டாவது சைலன்சர். கை அசையவில்லை. மூன்றாவது. அதற்கும் இல்லை. அப்பாவின் தோள்கள் மட்டும் கொஞ்சம் தொங்கின.

கடைசிப் பெட்டியின் அடியிலிருந்து தடித்த உருளை ஒன்றை எடுத்து வாலு ஊதித் தூசி தட்டினாள்.

“அந்தப் பூசணியா?” என்றார் கடைக்காரர். “அதை யாரும் சீந்தறதில்ல. கனம் ஜாஸ்தி. விமானம் மூக்கு குப்புற விழும்.”

“வால்ல கொஞ்சம் ஈயம் வச்சுக்கலாம். மாட்டுங்க மாமா.”

இந்த முறை எஞ்சின் சீறவில்லை. அடித்தொண்டையில் உறுமியது. மேசைப் பலகை லேசாக அதிர்ந்தது.

கை மேலே போனது. எஞ்சின் நின்றது. கை கீழே வந்தது. கடைக்காரர் வேண்டுமென்றே மறுபடி கிளப்பி, சட்டென்று அணைத்தார். கையும் கூடவே ஏறி இறங்கியது.

“பூசணிக்கு வந்த வாழ்வைப் பாரேன்!” என்றார் கடைக்காரர்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மைதானத்தில் வாலு விமானத்தை ஓட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் போகும் திசையிலெல்லாம் விரலை நீட்டுவார். விமானம் எங்கே போனாலும் விரல் தப்பாமல் பின்னால் போகும். எல்லைக் கம்பியோரத்து மரங்கள்வரைகூட.

ஒரு ஞாயிறு, விமானம் மரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் விரல் பாதி வானத்திலேயே நின்றுவிட்டது. அங்கும் இங்கும் தடவித் தேடியது.

வாலு அண்ணாந்து பார்த்தாள். விமானம் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. விரலையும் இறக்கவில்லை.

“வாலு, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாயேன்.”