அவன் முதுகைச் சுரண்டியவள்

அவன் தலை கடையின் தார்ப்பாய்க் கூரையில் முட்டியதும், அதில் தேங்கியிருந்த மழைநீர் அத்தனையும் குவேயின் கரியடுப்பில் கொட்டியது.

“அடுப்பக் குளிப்பாட்டவா வந்தீங்க?”

“மழைக்கு ஒதுங்கலாம்னு...” அவன் நிமிர்ந்தான். இமைகளில் துளிகள்... விழலாமா வேண்டாமா என்று யோசிப்பவை போல நின்றன.

குவே விசிறியை எடுத்தாள். மலையூரான தலாத்தின் சந்தைப் படிக்கட்டின் கீழே காளான் சுட்டு விற்பவள் அவள்.

“பேரு வின். சைகோனுக்குக் காய்கறி லாரி ஓட்டுறேன். அங்க ஒரு ரூம், இங்க ஒரு ரூம். ரெண்டுலயும் நான் மட்டும்தான்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே?”

“கேட்டுடுவீங்களோன்னு பயந்து முந்திக்கிட்டேன்.”

சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, ஷிடாகே என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழுப்புக் காளானைக் குச்சியில் குத்திச் சுட்டுக் கொடுத்தாள். நாலு குச்சி தின்றான். போகும்போது, “ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்கு வர்றீங்களா? அடுத்த தடவை பதில் சொன்னாப் போதும்” என்றான்.

சரி என்ற சொல் மூன்று நாளாக அவள் நாக்கின் அடியிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் தொப்பலாக நனைந்து வந்தான். அடுப்பை ஊதக் குனிந்தான். ஈர வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது... அடியில் சிவப்புச் சிவப்பாக நீண்ட கோடுகள்!

பக்கத்துக் கடையில் சோயாப்பால் ஆற்றிக்கொண்டிருந்தாள், பிறந்த வரிசைப்படி ஊரார் ஆறாம் அத்தை என்று கூப்பிடுபவள்; அவள் குவேயின் இடுப்பில் இடித்தாள்.

“பாத்தியாடி? காத்து இறக்கிருக்காங்க. தன் முதுகத் தானே சுரண்டிக்க முடியுமா? வீட்ல ஒருத்தி இருக்கா!”

உடம்பு சரியில்லையென்றால் பச்சைத் தைலம் தடவி, வெள்ளிக் காசால் முதுகு சிவக்கச் சுரண்டிக் காற்று இறக்குவது அங்கே வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால் அதற்கு இன்னொரு கை வேண்டும். உரிமையுள்ள கை. அத்தையின் புருஷனும் லாரிக்காரன். அவனுக்குக் கடற்கரை ஊரான ஞாச்சாங்கில் இன்னொரு குடும்பம் இருந்ததை அவள் கண்டுபிடித்ததும் இப்படி ஒரு முதுகைப் பார்த்துத்தான்.

“காய்ச்சலா?” என்றாள் குவே.

“இல்லையே.”

“அப்ப முதுகச் சுரண்டி விட்டது யாரு?”

“யாருமில்லைங்க! தானா வந்துச்சு. ஒரே அரிப்பு.”

“கோடு தானா வருமா?” அவள் விசிறியை வேகமாக வீசினாள். “சுரண்டினவளையே ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

வின் அவளையே பார்த்தான். பிறகு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

அன்று முழுவதும் குவேக்கு அந்த முதுகுதான். அம்மாவுக்கு எத்தனை தடவை அவளே சுரண்டி விட்டிருக்கிறாள்! முதுகுத்தண்டின் இருபுறமும் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும்; பிறகு விலா எலும்பின் வழியே சாய்வாக. முடித்துப் பார்த்தால் மீன்முள் மாதிரி ஒழுங்காக இருக்கும். இவன் முதுகிலோ கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் கண்டபடி ஓடின. ஒன்று தோளைத் தாண்டிக் கழுத்தெலும்பு வரைக்கும் வந்திருந்தது. தைல வாசனையும் இல்லை...

“அத்தை, அது சுரண்டின மாதிரி இல்ல.”

“அப்படின்னா அடிச்சிருக்கா. சவுக்கால! கட்டினவதான்டி அப்படி அடிப்பா.”

குவேக்குச் சந்தேகம் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வின் வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் மட்டும் ஏதோ ஒன்று...

“தோல் டாக்டரம்மாகிட்டப் போனேன். அவங்களும் முதல்ல உங்கள மாதிரிதான். யாருப்பா அடிச்சதுன்னு கேட்டாங்க.”

“யாராம்?”

“நீங்க சந்தேகப்பட்டது சரிதான். என் முதுகுல கோடு போட்டது ஒரு பொண்ணு.”

குவேயின் விசிறி நின்றது. “யாரு?”

“நீங்க.”

“நானா!”

அந்தக் காளானுக்குள் ஒரு பொருள் இருக்கிறதாம். சூடு நன்றாக ஏறினால் அது அழிந்துவிடும். அரைவேக்காடாக உள்ளே போனால், எல்லோருக்கும் இல்லை, எங்கோ சிலருக்கு மட்டும், ஓரிரு நாள் கழித்து உடம்பெங்கும் சாட்டையால் விளாசியதுபோல் கோடு கோடாகச் சிவந்துவிடும். அபூர்வமான நோய். கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது. முந்தின நாள்களில் என்ன தின்றாய் என்று கேட்டால்தான் பிடிபடும். கொஞ்ச நாளில் தானே மறைந்துவிடுமாம்.

“தப்பு என்னோடதுதான்” என்றான் வின். “அடுப்புல தண்ணியக் கொட்டினது நான்தானே.”

பழியை அவன்மேலேயே விட்டிருந்தால் அவள் தப்பித்திருக்கலாம். ஆனால் சந்தேகப்பட்ட வாய் ஆயிற்றே... குவே தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடுப்பு நனஞ்சா என்ன? வெந்துச்சான்னு நான் பாத்திருக்கணும். பாக்கல.”

“வேற எதப் பாத்தீங்க?”

தார்ப்பாயில் மழை தட்டத் தொடங்கியது.

“உங்க இமைல ஒரு துளி நின்னுச்சு... விழுமா விழாதான்னு...”

வின் தன் இமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“எனக்கென்னமோ இன்னும் சந்தேகமாத்தான் இருக்கு” என்றாள் ஆறாம் அத்தை, பால் சட்டிக்குப் பின்னாலிருந்து. “டேய் தம்பி, அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி?”

அதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

“ஏரிக்கரைக்கு...” என்றான் வின்.

“வர்றேன். முதல்ல நல்லா வெந்ததா நாலு குச்சி தின்னுட்டு.”

“அப்ப என்னைப் பாக்காம அடுப்பப் பாருங்க.”

“அடுப்பத்தான் பாக்குறேன்” என்றாள், அவன் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அடியே, கருகுதுடி!” என்று அலறினாள் அத்தை.